எருசலேமில் நெல் விளைந்த காலம்

நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் போய் ரயில் பிடித்தால் விருத்தாசலம். அங்கிருந்து பக்கம்தான் கோணாங்குப்பம். தை மாதத்தில் பெரியநாயகி மாதாவுக்குத் திருவிழா. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்த எனக்குச் சிலுவை போட்டுக்கொள்ளத் தெரியாது. அங்கே போவது வீரமாமுனிவருக்காக.

இப்போது கிறிஸ்தவர்கள் எருசலேமுக்கே போய்வருகிறார்கள். 2011-12இல் தமிழக அரசு ஆளுக்கு 20,000 ரூபாய் உதவி கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அது 37,000 ஆனது. பெத்லகேம், நாசரேத், யோர்தான் ஆறு, கலிலேயாக் கடல் என்று வரிசையாகக் காட்டிக் கூட்டிவருகிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னே இந்தப் பக்கத்துக் குடியானவனுக்கு அந்த ஊர்களெல்லாம் பிரசங்கத்திலும் பாட்டிலும் காதில் விழுந்தவைதான்.

அந்தப் பாட்டைப் பாடியவர் இத்தாலிக்காரர் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர். 1680இல் பிறந்தவர். 1710இல் லிஸ்பனிலிருந்து கப்பலில் கோவா வந்தார். அந்தக் கடல்வழி ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவது. எருசலேம் அதில் குறுக்கிடாது. இங்கே காவி உடுத்தி, தமிழ் கற்று, சூசையப்பரை நாயகனாக வைத்துத் தேம்பாவணி பாடினார்: 36 படலம், 3,615 பாட்டு. எடுத்த எடுப்பில் நாட்டுப் படலம், அடுத்து நகரப் படலம். கம்பனைப் படித்தவருக்கு அந்த வரிசை புரியும். யூதேயாவில் மேகம் கடல்நீரை முகந்து வருகிறது, மலையில் பொழிகிறது, வெள்ளம் வயலில் பாய்கிறது, நெல் விளைகிறது. ஒலிவமரம் நிற்கும் நாட்டில் நெல்லா என்று கேட்கலாம். கேட்பவர் கேட்கட்டும். மழை தப்பினால் மக்காச்சோளம் காய்ந்துபோகிற ஊர்க்காரன் நான். புண்ணிய பூமி என்றால் தண்ணீர் ஓடவேண்டும் என்று அவர் முடிவுகட்டியதில் எனக்குக் குறை தெரியவில்லை.

கோணாங்குப்பத்திலும் அதே வேலைதான் செய்திருக்கிறார். மாதா புடவை கட்டி, குழந்தையை ஏந்தி நிற்கிறாள். படம் எழுதி மணிலாவுக்கு அனுப்பிச் சிலை வரவழைத்தார் என்பார்கள். முகாசாபரூர்க் கச்சிராயருக்குப் பிள்ளையில்லாமல் இருந்து, மாதாவை வேண்டிப் பிறந்ததால் கோயில் எழும்பியது என்பதும் ஊர்க்கதை. விருத்தாசலம் சிவன்கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்றே பெயர். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

முனிவர் 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் காலமானார். எருசலேமுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் யாரும் அங்கே போய்வந்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை.