அவெஸ்தா மறையும் ஐரோப்பிய ஆராய்ச்சியாளரும்

மறைநூல் ஒன்று நின்று நிலவுதற்கு இருவகைக் காவல் வேண்டும். ஒன்று சொற்காவல், மற்றொன்று பொருட்காவல். ஓதுமுறை பிறழாமல் எழுத்தும் ஒலியும் பேணுதல் முன்னது; இலக்கணமும் உரைமரபுங் கொண்டு கருத்தினைப் பேணுதல் பின்னது. இவற்றுள் ஒன்று நிற்க மற்றொன்று தளர்ந்தவழி விளைவது யாது என்பதனை, பாரசீகத்துப் பழமறையாகிய அவெஸ்தாவை ஐரோப்பியர் ஆராய்ந்த வரலாறு நன்கு காட்டும்.

ஜரதுஷ்டிரர் வழிவந்த அம்மறை, அரபியர் பாரசீகத்தைக் கைக்கொண்ட பின்னர் நாடு துறந்து கூர்ச்சரம் புகுந்த பார்சிகளிடத்தும், ஈரானிலேயே எஞ்சி நின்ற சிலரிடத்தும் தங்கிற்று. வேள்விக்கண் அதனை ஓதும் முறை அற்றுப்போகவில்லை. ஆயின் அதன் மொழி பன்னூறாண்டுகட்கு முன்பே உலக வழக்கு ஒழிந்தது. பஹ்லவி மொழியில் எழுந்த பழையவுரையே பொருளறிதற்கு வாயிலாக நின்றது. காலம் செல்லச் செல்ல அவ்வுரையை உணர்வாரும் அருகினர்.

1754-ஆம் ஆண்டிற் பாரிசு நகரில், ஆக்சுபோர்டுப் புத்தகசாலையிலிருந்த அவெஸ்தா ஏடொன்றினின்றும் பெயர்த்தெழுதிய நான்கு தாள்களை ஆங்கெத்தீல் தூப்பெரோன் என்னும் பிராஞ்சு இளைஞர் கண்டார். அம்மறையின் பொருளை அதனை ஓதுவாரிடமே சென்று கேட்டல் வேண்டுமெனத் துணிந்து, படைவீரராகப் பெயர் பதிந்து, 1755-இற் புதுச்சேரியில் வந்திறங்கிப் பாரசீக மொழி பயின்றார். பின்னர் வங்கத்துச் சந்திரநாகூருக்குச் சென்றார். 1757-இல் அவ்வூர் ஆங்கிலேயர் வசமாகவே, தரைவழியே நடந்து புதுச்சேரிக்கு மீண்டு, 1758-இற் சூரத்தை அடைந்தார். ஆங்கே தாராப் என்னும் பார்சி குரவர் அவர்க்கு ஆசிரியராயினர். 1762-இல் நூற்றெண்பது ஏடுகளைப் பாரிசு அரசர் புத்தகசாலையிற் சேர்த்தார். 1771-இல் அவர்தம் மொழிபெயர்ப்பு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அந்நூல் வெளிவந்த அவ்வாண்டிலேயே எதிர்ப்பும் எழுந்தது. இருபத்தைந்து வயதினராயிருந்த வில்லியம் ஜோன்ஸ், பெயர் குறியாது பிராஞ்சு மொழியில் ஒரு கடிதம் வெளியிட்டு அதனைக் கடுமையாக இகழ்ந்தார். இத்துணைப் பொருளற்ற சொற்கள் புகழ்பெற்ற ஜரதுஷ்டிரருடையன ஆகா என்பது அவர்தம் கருத்து. மூலமே பொய்ந்நூல் என்பாரும் பலராயினர்.

உண்மையிற் குறை மூலத்தின்கண் இல்லை. தாராப், பஹ்லவி உரையைக் கொண்டு தாம் அறிந்தவாறு பொருளைப் பிற்காலப் பாரசீக மொழியிற் கூறினர். தூப்பெரோன் அதனைப் பிராஞ்சு மொழியில் எழுதினர். இங்ஙனம் மொழிதோறும் மாறி வந்தமையின் வேற்றுமையும் பிழையும் புகுந்தன. அவெஸ்தாவின் இலக்கணம் இருவர்க்கும் தெரிந்திலது. உரையின் மாசு மூலத்தின் மாசாகக் கொள்ளப்பட்டதே இப்பூசலுக்குக் காரணம்.

மூலத்தின் பழமையை நிறுவிக் காட்டியது வடமொழியே. ஜோன்ஸ் வங்கத்தில் நீதிபதியாய் அமர்ந்து வடமொழி கற்றபின், 1789-இல் நிகழ்த்திய சொற்பொழிவில், தூப்பெரோன் வெளியிட்ட அவெஸ்தாச் சொல்லடைவிற் பத்துக்கு ஆறேழு சொற்கள் வடசொல்லாயிருத்தல் கண்டு வியந்து கூறினார். வடமொழியில் ஸோமம் என்பது ஆண்டு ஹஓம. அசுரன் என்பது அஹுர. ஸப்த ஸிந்து என்பது ஹப்த ஹிந்து. ஸகரம் ஹகரமாதல் ஒரு நியதி என்பது இவற்றாற் புலனாம். இந்நியதி பொய்ந்நூல் புனைவார் அறிந்து அமைத்தற்கு இயலாதது. தேனியராகிய ராசுமுசு ராஸ்க் என்பார் பம்பாய்க்குச் சென்று ஏடுகள் தொகுத்து, 1826-இல் அம்மொழியின் பழமையை நிறுவி, அது வடமொழியிற் பிறந்ததன்று, அதனோடு உடன்பிறந்தது எனத் தெளிவுறுத்தினார். பிராஞ்சு அறிஞராகிய யூழேன் புர்நூப், நெர்யோசங்கர் என்னும் பார்சி குரவர் பண்டு செய்த வடமொழிபெயர்ப்பைத் துணையாகக் கொண்டு யஸ்னப் பகுதியை ஆராய்ந்து 1833 முதல் 1835 வரை விரிவுரை வெளியிட்டார். அவர் கையாண்ட ஏடு தூப்பெரோன் கொண்டுவந்ததே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதன்பின் ஆராய்ச்சியாளர் இருதிறத்தினராயினர். பஹ்லவி உரைமரபே சிறந்தது என்றனர் ஸ்பீகல் வழியினர். வேதமொழியோடு ஒப்பிட்டுக் காண்டலே தக்கது என்றனர் ரோத் வழியினர். மார்ட்டின் ஹௌக் என்னும் செருமானியர், ஒப்பியல் முறையால் ஐந்து காதைகளே ஜரதுஷ்டிரர் வாக்கெனக் காட்டினார். அவரே 1859-இற் பூனாவில் வடமொழி ஆசிரியராக அமர்ந்து, பார்சி குருமாரோடு பழகினார்; தஸ்தூர் ஹோஷங்ஜியோடு கூடி 1867-இற் பழைய பஹ்லவிச் சொல்லடைவையும் பதிப்பித்தார். இருமுறையும் ஒன்றையொன்று வேண்டி நிற்றல் இதனால் விளங்கும்.

இவ்வாராய்ச்சி பார்சிகட்கு ஏட்டளவில் நில்லாது வாழ்வளவிலும் பயன் விளைத்தது. பம்பாயில் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஜான் வில்ஸன், 1839-இற் பார்சி இளைஞர் இருவரைத் தம் சமயத்திற் சேர்த்தனர். 1843-இல் அவெஸ்தா மொழியினையும் புர்நூப்பின் ஆராய்ச்சியினையும் கருவியாகக் கொண்டு பார்சி சமயத்தை மறுத்து ஒரு பெருநூல் எழுதினர். தம் மறையை நாடோறும் ஓதியவர், அதன் இலக்கணம் கல்லாமையால், தக்கவாறு விடையிறுக்க இயலாது இடர்ப்பட்டனர். அக்குறையை உணர்ந்த கர்ஷேத்ஜி ருஸ்தம்ஜி காமா, ஐரோப்பா சென்று ஸ்பீகலிடம் அவெஸ்தாவும் பஹ்லவியும் கற்று மீண்டு, 1861-இற் பம்பாயில் பார்சி இளைஞர்க்கு அம்மொழிகளைப் பயிற்றும் வகுப்பு நிறுவினார். சூரத்தினின்று ஐரோப்பா சென்ற கல்வி நூறாண்டு கழித்து இலக்கணத்தோடு பார்சிகளிடமே திரும்பியது.

ஓதிக் காத்தவர் இலரேல் ஆராய்வார்க்கு மூலமே கிடைத்திராது. ஆராய்ந்து விளக்கினார் இலரேல் ஓதியவர்க்கு அதன் பொருள் முற்றும் புலப்பட்டிராது. ஆதலின், மறையைப் பேணுங் கடப்பாடுடையார் ஓதுதலோடு அமையாது அதன் மொழியிலக்கணத்தையும் தாமே கற்றுத் தெளிதல் வேண்டும். பிறர் கற்று வந்து தம் மறைக்குப் பொருளுரைக்கக் காத்திருத்தல் அவர்க்குப் பொருந்தாது என்க.