சாணி வண்டு புகட்டும் பாடம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். அவ்வூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் மழைக்குப்பின் கிடக்கும் சாணத்தைப் புரட்டினால், அடியில் சிறு துளைகள் தென்படும். சாணி வண்டுகளின் உழைப்பு அது. சிறு பருவத்தில் அவற்றைக் குச்சியால் சீண்டி மகிழ்ந்தோர் நம்மில் பலர். அவற்றின் அருமையை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அதை உலகுக்கு உணர்த்தியது ஆஸ்திரேலியாவின் வரலாறு.

1788-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் குடியேறிகளோடு மாடுகளும் அந்நாட்டில் வந்திறங்கின. அங்கும் சாணி வண்டுகள் இருந்தன. ஆனால், கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகிய அவற்றுள் பெரும்பாலானவை மாட்டின் ஈரச் சாணத்தை நாடவில்லை. மந்தைகள் பெருகின, சாணமோ மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. அதன் அடியில் புல் மடிந்தது; சுற்றிலும் வளர்ந்ததை மாடுகள் தீண்டவில்லை; ஈக்கள் பெருகி மனிதரையும் கால்நடைகளையும் வாட்டின.

ஹங்கேரியில் பிறந்து அங்கே குடியேறிய பூச்சியியல் அறிஞர் ஜார்ஜ் போர்னமிசா இதன் காரணத்தை உணர்ந்தார். அவரது முயற்சியால், 1960-களில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அரசு ஆய்வு நிறுவனம் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏற்ற வண்டுகளைத் தேடியது. நோய்கள் உடன் வந்துவிடாதபடி முட்டைகளைக் கிருமிநீக்கம் செய்து, கையால் செய்த சாண உருண்டைகளில் வைத்து வளர்த்தனர். 43 இனங்கள் கொணரப்பட்டன, 23 நிலைபெற்றன. அவை சாணத்தை மண்ணுக்குள் இழுத்துச் சென்றன; நிலம் உரம் பெற்றது; மழைநீர் இறங்க வழி கிடைத்தது; பல இடங்களில் ஈக்களின் தொல்லையும் தணிந்தது.

பிறர் கடல் கடந்து தேடிப் பெற்ற செல்வம் நமக்கு விலையின்றிக் கிடைத்திருக்கிறது. நாமோ அதை அறியாமலே அழித்துவிடக்கூடும். ஒட்டுண்ணிகளை ஒழிக்க மாடுகளுக்குத் தரும் ஐவர்மெக்டின் மருந்து சாணத்தோடு வெளியேறி, வண்டின் புழுக்களைக் கொல்கிறது. அம்மருந்தைக் கண்டறிந்தோர் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரின் கண்பார்வையைக் காத்த நன்மருந்து அது. ஆதலால் மருந்தை வெறுக்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரின் சொற்படி, தேவையுள்ள மாட்டுக்கு மட்டும் தருவதே அறிவுடைமை.

அபக்கூக்கு நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், மரத்திலிருந்து குரல் கொடுக்கும் வண்டு ஒன்று இடம்பெறுகிறது. 4-ஆம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராயிருந்த புனித அம்புரோஸ், அதைச் சிலுவை மரத்தில் தொங்கிய ஆண்டவருக்கே பொருத்திப் பேசினார். இழிவெனத் தள்ளப்பட்டதில் மீட்பரைக் காண அவர் கூசவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலும் புழு பூச்சிகளின் மறைவான பணியை நினைவூட்டுகிறது.

மறைக்கல்வி வகுப்பில் படைப்பின் வரலாற்றைக் கற்பிக்கும் நாம், ஒரு ஞாயிறேனும் சிறுவர்களை மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துச் செல்வோம். குச்சியால் சீண்டாமல், குனிந்து பார்க்கக் கற்றுத் தருவோம். படைத்தவர் நல்லதெனக் கண்டதை அருவருப்பெனத் தள்ள நாம் யார்?