பாளையங்கோட்டையிலிருந்து ஆக்குளம் வரை

நான் நாகர்கோவில்காரன். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வுபெற்ற வாத்தியார். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால் ஒன்று பாளையங்கோட்டைக்கு ரயிலேறுவார்கள், இல்லை திருவனந்தபுரத்துக்கு.

பாளையங்கோட்டைக்குத்தான் மூப்பு. ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி அம்மையார் 1890-களில் அங்கே பள்ளி வைத்தார். அப்போது உலகத்தில் அடித்த காற்றே வேறு. 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளையை வாயால்தான் பேசவைக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. போட்டவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்பவர்கள்!

அந்தத் தீர்மானத்தின் வால் நூறு வருஷம் கழித்து என் வகுப்பறை வரை நீண்டது. கண்ணாடி முன்னால் பிள்ளையை உட்காரவைத்து, அதன் கையை என் தொண்டையில் பதித்து, ‘மாடு’ சொல்லவைப்போம். உதட்டை மட்டும் பார்த்தால் ‘மாடு’க்கும் ‘பாடு’க்கும் வேறுபாடே தெரியாது. ‘ம’வில் காற்று மூக்கு வழியே போகிறது, அதைக் கண் எப்படிக் காணும்? ஒரு சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். மணியடித்ததும் அதே பிள்ளைகள் வராந்தாவில் கையால் சண்டை போட்டு, சமாதானமாகி, கேலியும் பேசி முடித்திருப்பார்கள். சைகைக்கும் இலக்கணம் உண்டு என்று அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோகி 1960-இலேயே எழுதிவிட்டார். இங்கே அது வந்துசேரத் தாமதமாயிற்று.

திருவனந்தபுரத்தில் 1997-இல் ‘நிஷ்’ வந்தது. பேச்சுக்கும் செவித்திறனுக்குமான கேரள அரசு நிறுவனம். டெக்னோபார்க் என்ற கணினித் தொழில் வளாகத்தை உருவாக்கிய ஜி. விஜயராகவனுக்கு இதிலும் பெரும்பங்கு உண்டு. ஆக்குளத்தில் இருக்கும் நிஷ் வளாகத்தில் கைக்குழந்தைகளுக்கே பயிற்சி தொடங்கிவிடுகிறது. குறையைக் கண்டறியும் சோதனையும் எளிது: தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்து ஒலி அனுப்பினால், நலமான உட்செவி மெல்லிய எதிரொலி தரும். 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுசொன்னது இது. உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்த மாநில அரசின் ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டமும் பிறகு வந்தது.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் 2008-இல் அங்கே தொடங்கிய பட்டப்படிப்புகளைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். காது கேளாத மாணவர்களுக்கென்றே ஓவியமும் கணினி அறிவியலும்; பாடம் நடப்பது இந்தியச் சைகை மொழியில். வராந்தாவில் கிடந்த மொழி கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றது. 2021-இல் மலையாள எழுத்துகளுக்கு விரல் குறிகளையும் வகுத்து வெளியிட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கைதட்டிப் பார்த்துவிட்டு ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று காத்திருக்காதீர்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் பயிற்சி. காதில் கருவி வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, வீட்டில் எல்லாரும் சைகை படியுங்கள்.