திருகோணமலைப் பிள்ளைகள் கதை படித்த கதை

சாம்பல்தீவுப் பக்கத்தில் கதைப்புத்தகம் வருவதற்கு முன்பே வாசிப்பு இருந்தது. கோயிலில் கந்தபுராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத கடற்றொழிலாளிக்கும் அது விளங்கும். சூரன் மாமரமாகி நிற்கும் இடம் வரும்வரை நித்திரை கொள்ளாமல் தாயின் மடியில் முழித்துக் கிடந்த பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் புத்தகம் வேறு வழியில் வந்தது. 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுகநாவலரின் பாலபாடங்கள் ஈழத்துச் சைவப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தன. அந்த வசனநடையின் தெளிவு இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவை பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டிய புத்தகங்கள். பிழை விட்டால் பிரம்பு பேசும். புத்தகம் என்றாலே பரீட்சை என்ற எண்ணம் எங்கள் பிள்ளைகளிடம் அப்போதே வேர்விட்டது என்பது என் எண்ணம்.

அதே நூற்றாண்டின் முடிவில் இந்தத் துறைமுகத்து மண் இரண்டு நாவல்காரரைத் தந்தது. இன்னாசித்தம்பி 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்டார். தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் அச்சேறியது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் சொல்வது அதைத்தான். நாங்கள் பெருமைப்பட வேண்டிய இந்தப் பெயர்களைக் கேள்விப்படாமலே எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஊசோன் கதை ஐரோப்பாவிலிருந்து வந்த பழங்கதை. பிரிந்துபோன இரட்டைச் சகோதரரில் ஒருவனைக் காட்டில் கரடி வளர்க்கிறது. ஒருநாள் வகுப்பில் அதைச் சொல்லி, கரடி குழந்தையைத் தூக்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். “பிறகு, ரீச்சர்?” என்று பின்வாங்கில் இருந்து ஒரு பொடியன் எழும்பினான். கொப்பியைக்கூட ஒழுங்காகத் திறக்காதவன் அவன். மற்ற நாள் காலையில் வாசலிலேயே என்னை மறித்து, “அந்தப் புத்தகம் எங்க இருக்கு?” என்று கேட்டான்.

புத்தகம் எங்கே இருந்தது? 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடநூல்களும் இலவசமாயின. ஏழைப் பிள்ளையின் பையிலும் புத்தகம் ஏறியது பெரிய காரியம். கதைப்புத்தகங்களோ அலுமாரிக்குள்ளேயே இருந்தன. நான் தொடக்கத்தில் படிப்பித்த பள்ளியில் திறப்பு கந்தோரில் தொங்கும். தொலைந்தால் ரீச்சர்தான் காசு கட்டவேண்டும் என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு முன் கறையான் வாசித்து முடித்தது. பிறகு யுத்தத்தின் இடப்பெயர்வுகள். அவற்றின் பின்னால் 2004 மார்கழிக் கடல்.

சுனாமிக்குப் பிறகு, 2005இல், ‘ரூம் டு ரீட்’ நிறுவனம் இலங்கையில் பள்ளி நூலகங்கள் அமைக்கத் தொடங்கியது. படம் நிறைந்த மெல்லிய தமிழ்ப் புத்தகங்களையும் வெளியிட்டது. சின்னக் கைக்கு அடங்கும் புத்தகங்கள் அவை, ஒரே இருப்பில் முடித்துவிடலாம். பழைய கலண்டர் தாளில் உறை போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் கசங்கித்தான் திரும்பிவரும், சிலதில் கறிக்குழம்பும் இருக்கும். எனக்கு அதில் சந்தோஷம்தான்; அடுப்படியில் யாருக்கோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஐப்பசியில் வரும் தேசிய வாசிப்பு மாதத்தில் பேச்சுப்போட்டியும் கட்டுரைப்போட்டியும் நடக்கும். நல்லதுதான். ஆனால் பரிசு வாங்குவது பெரும்பாலும் பாடமாக்கிய பிள்ளை. போட்டிக்குப் பதிலாக நாங்கள் கோயிலின் புராணபடன முறையை வகுப்புக்குள் கொண்டுவந்தோம். ஒருவர் ஒரு பக்கம் வாசிக்க, அடுத்தவர் தன் பேச்சில் பயன் சொல்ல வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளைதான் பல நேரம் அழகாகப் பயன் சொல்லும்.

தரம் நான்கு வந்ததும் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை கண்முன் வந்து நிற்கிறது. கடந்தகால வினாத்தாள்கள் வீட்டை நிறைக்கின்றன. “பரீட்சை முடியட்டும் ரீச்சர், பிறகு கதை படிக்கட்டும்” என்கிறார்கள் தாய்மார். முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளைத் திரும்பவும் கதைக்குள் இழுப்பது பெரும்பாடு. அதனால் தரம் இரண்டிலேயே அலுமாரியைத் திறந்துவிடுகிறேன்.