இராதை என்னும் திருநாமம்

கோயிலில் நிகழும் ஆராதனையும், குற்றத்திற்கு விதிக்கப்படும் அபராதமும் ஒரு வேரில் கிளைத்த சொற்கள் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். ‘ராத்’ என்னும் வடமொழித் தாதுவுக்குக் கைகூடுதல், நிறைவேற்றுதல், உவப்பித்தல் எனப் பொருள்கள் உண்டு. ‘ஆ’ என்னும் உபசர்க்கத்தோடு அது கூடியபோது தெய்வத்தை உவப்பிக்கும் வழிபாடும், ‘அப’ என்பதோடு கூடியபோது குறி தவறுதலும் அதன் வழியே பிழையும் பொருளாயின. எந்த உபசர்க்கமும் வேண்டாமல் அத்தாது தானே ஒரு பெண்ணின் பெயராகி, பிரேம பக்தியின் அதிதேவதைக்கு உரிய திருநாமமாக உயர்ந்த வரலாறு சிந்திக்கத் தக்கது.

ரிக்வேதத்தில் ‘ராதஸ்’ என்பது கொடையையும் செல்வத்தையும் குறிக்கிறது. இந்திரன் அவற்றின் தலைவனாக அழைக்கப்படுகிறான். ‘ராதா’ என்பது விசாக நட்சத்திரத்திற்கும் ஒரு பெயர். அதனைத் தொடர்ந்து வரும் மீன் ஆதலால், நாம் அனுஷம் என்று வழங்கும் நட்சத்திரம் வடமொழியில் அனுராதா ஆயிற்று. மகாபாரதத்தில், ஆற்றில் வந்த குழந்தையை எடுத்து வளர்த்த தேரோட்டி அதிரதனின் மனைவி பெயரும் ராதை. கர்ணன் ராதேயன் எனப்படுவது அந்த வளர்ப்புத் தாயை முன்னிட்டே. இவ்விடங்களில் எல்லாம் நிறைவு, வளம் என்னும் மங்கலப் பொருளே உள்நின்று ஒளிர்கிறது. கண்ணனின் காதலி இன்னும் தோன்றவில்லை.

அவளை நாம் முதலில் காண்பது வேத வேள்விச் சாலையிலன்று. ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் பிராகிருத அகப்பாடல் திரட்டாகிய காதா சப்தசதியில், மாடுகள் கிளப்பிய புழுதிக்கு நடுவே ஓர் ஆயர் மகளாகக் காண்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் இயற்றிய தொனியாலோகத்திலும் அவள் பெயர் வருகிறது. ஆனால் பாகவதத்தின் இராஸ பஞ்சாத்தியாயியில், கண்ணன் தனியே அழைத்துச் சென்ற கோபிகைக்குப் பெயர் சொல்லப்படவில்லை. அவளுடைய அடிச்சுவட்டைக் கண்ட மற்றையோர், இவளே பெருமானை மெய்யாக ஆராதித்தவள் என்று வியக்கின்றனர். அந்த ஆராதனைச் சொல்லுக்குள்ளேயே இராதையின் நாமம் மறைந்திருக்கிறது என்பது கௌடீய வைஷ்ணவ ஆசாரியர்களின் துணிபு. மறைந்திருந்த பெயரைப் பாரதம் முழுதும் ஒலிக்கச் செய்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜயதேவர் பன்னிரண்டு ஸர்க்கங்களும் இருபத்து நான்கு அஷ்டபதிகளுமாக அமைத்த கீதகோவிந்தம்.

காவியத் தலைவியை உபாசனைக்குரிய தெய்வமாகக் கண்டவர்களுள் நிம்பார்க்கர் வழியினரும், சைதன்யரைப் (1486–1534) பின்பற்றிய விருந்தாவனத்துக் கோஸ்வாமிகளும் முதன்மையானவர்கள். அவள் பிறந்தகமாகப் போற்றப்படும் பர்ஸானாவில் குன்றின் மேல் அமைந்த கோயிலில் அவள் ‘லாட்லீஜி’, அதாவது செல்வ மகள். பாத்ரபத மாதத்து வளர்பிறை அஷ்டமியில் ராதாஷ்டமி கொண்டாடப்படுகிறது. விரஜ பூமியில் ஒருவரையொருவர் கண்டால் ‘ராதே ராதே’ என்பதே வணக்கமொழி. ஹித ஹரிவம்சர் நிறுவிய ராதாவல்லப மரபிலோ, கண்ணன் அருகே அவளுக்கு விக்கிரகம் வைப்பதில்லை. அவள் பெயர் தாங்கிய ஆசனத்திற்கே சேவை நடைபெறுகிறது. பெயரே மூர்த்தமாகிவிடுகிறது!

தமிழகத்தில் கண்ணனுக்குரிய ஆயர் மகளாக ஆய்ச்சியர் குரவையும் ஆழ்வார் பாசுரங்களும் போற்றுவது நப்பின்னையை. இராதையின் பெயர் ஆழ்வார் வாக்கில் இல்லை. அவள் இங்கே அஷ்டபதியின் வழியே, பஜனை ஸம்பிரதாயத்தின் துணைகொண்டு வந்தவள். ஆயினும் ஆண்டுதோறும் பஜனை மடங்களில் ராதா கல்யாணம் நடத்தி, தம் வீட்டுப் பெண்ணுக்குச் செய்வதைப் போலவே சீர் செய்து மகிழும் அளவுக்கு அவளை நம்மவர் உரிமையாக்கிக் கொண்டனர்.

இச்சொல் நடந்து வந்த வழியை நோக்கினால், பக்தியின் தத்துவம் ஒன்று விளங்குகிறது. ஆராதிக்கப்படும் தெய்வத்திற்குக் கோயில் எடுப்பது எங்கும் உள்ள வழக்கம். இங்கோ ஆராதிக்கும் செயலே பெண்ணுருக் கொண்டு ஆராதனைக்கு உரியதாயிற்று. அதனாலன்றோ நம் குழந்தைக்குப் பெயரிடும்போதும் பக்தையை முன்னும் பரமனைப் பின்னுமாக வைத்து, ராதாகிருஷ்ணன் என்று அழைக்கிறோம்!