சான் ஜோர்ஜோ மாளிகையும் அதன் சின்னங்களும்

இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தையடுத்துள்ள சான் ஜோர்ஜோ மாளிகை இருவேறு காலத்துக் கட்டடங்கள் ஒட்டிநிற்பதாகும். நிலப்பக்கத்துப் பழைய பகுதியை 1260இல் மக்கள் தலைவராயிருந்த குலியெல்மோ பொக்கனேகிரா எழுப்பினார். அதன் சுவரிலுள்ள கற்சிங்கத் தலைகள், கொன்ஸ்தாந்திநோப்பிளில் வெனிசியர்க்கிருந்த மாளிகையை இடித்துக் கொணர்ந்தவை என்பர். வெனிசின் சின்னமும் சிங்கமே. பகைவன் சின்னத்தைத் தன் சுவரிற் பதித்தலினும் பெரிய வெற்றிப் பட்டயம் யாது? இலங்கையையும் பாண்டிநாட்டையும் வருணித்த மார்க்கோ போலோ சிறையிருந்ததும் இங்கேயே என்பது மரபு.

1407இல் அரசுக்குக் கடன் கொடுத்தோர் கூடிப் புனித ஜோர்ஜின் பெயரால் வங்கியொன்றை நிறுவினர். பின்னர் அது இம்மாளிகையிற் குடிபுகுந்தது. கடனுக்கு ஈடாக வரி வருவாய்கள் அதன் கைப்பட்டன. 1453இல் கோர்சிக்காத் தீவின் ஆட்சியுமே வந்துசேர்ந்தது. கடன்பட்டவனினும் கொடுத்தவன் வலியனாதல் இயல்புதானே!

16ஆம் நூற்றாண்டில் வங்கி, கடலை நோக்கிப் புதிய பகுதியொன்றை இணைத்தது. ஆங்குக் கற்சிற்பத்தினும் வண்ணமே மிக்கது. 1606 முதல் 1608 வரை லாத்சாரோ தவரோனே தீட்டிய முகப்பின் நடுவே, குதிரையூர்ந்து பறவைநாகத்தைக் கொல்கிறார் ஜோர்ஜ். அவருடைய செஞ்சிலுவை நகரத்தின் கொடி. அவர் பெயரோ வங்கியின் பெயர். எனவே, கப்பலில் வந்த வணிகன் கண்டது அரசின் சின்னமா, வங்கியின் சின்னமா எனப் பிரித்தறிதல் அரிது. அவ்வாறு அறியவொண்ணாமையே அவ்வங்கியின் வலிமையைக் காட்டுகின்றது.

நெப்போலியன் காலத்தில், 1805இல், வங்கி மூடப்பட்டது. கடற்காற்றில் மங்கிய ஓவியங்கள் 20ஆம் நூற்றாண்டில் மீளத் தீட்டப்பெற்றன. மாளிகை இப்பொழுது துறைமுக அதிகாரசபையின் இருப்பிடம்.