வெற்றிடப் பிடிமேசை

வெற்றிடப் பிடிமேசை என்பது சி.என்.சி. ரூட்டர் இயந்திரத்தில், வெட்டப்படும் பலகையை இடுக்கிகள் இன்றி அசையாமல் பிடித்து வைக்கும் மேசை ஆகும்.

இயங்கும் முறை

பலகையின் அடியிலுள்ள காற்று உறிஞ்சப்படும்போது, மேலுள்ள வளிமண்டல அழுத்தம் பலகையை மேசையோடு அழுத்துகிறது. அழுத்த வேறுபாட்டைப் பரப்பளவால் பெருக்கினால் பிடிவிசை கிடைக்கும். வேறுபாடு 20 கிலோபாசுக்கல் எனில், 30 செ.மீ. பக்கமுள்ள சதுரப் பலகை மீது 1800 நியூட்டன் விசை செயற்படும். இது சுமார் 180 கிலோகிராம் பாரத்திற்கு இணையானது. 5 செ.மீ. பக்கமுள்ள துண்டின் மீதோ 50 நியூட்டன் மட்டுமே. பக்கவாட்டு விசையை உராய்வு மட்டுமே எதிர்ப்பதால், சிறு துண்டுகள் தெறித்துக் காயம் விளைவிக்கக்கூடும். ஆகவே அவற்றைப் பலகையோடு இணைக்கும் சிறு பாலங்கள் வெட்டப்படாமல் விடப்படுகின்றன.

உயரத்தின் தாக்கம்

கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாசுக்கல் ஆகும். உத்தனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளதால், அங்கு இது சுமார் 91 கிலோபாசுக்கல் மட்டுமே. முழு வெற்றிடம் உண்டாக்கினாலும் அதற்கு மேற்பட்ட அழுத்த வேறுபாடு அங்கே கிடைக்காது.

அமைப்பு

அடித்தளத்தில் கட்டம் கட்டமாகக் காற்றுப் பள்ளங்கள் வெட்டப்பட்டு, மேலே எம்.டி.எஃப். பலகை பொருத்தப்படுகிறது. இப்பலகை நுண்துளைகள் உடையது. ஆயினும் இரு முகங்களும் அடர்த்தி மிக்கவை என்பதால் அவை மெல்லியதாகச் சீவப்படுகின்றன. விளிம்புகள் வண்ணப்பூச்சால் அடைக்கப்படுகின்றன. வெற்றுப் பரப்பை நெகிழித் தாளால் மூடினால் கசிவு குறையும்.

எச்சரிக்கை

வீட்டுத் தூசு உறிஞ்சிகள் பலவற்றில், உறிஞ்சப்படும் காற்றே மோட்டாரைக் குளிர்விக்கிறது. காற்றோட்டம் முழுவதும் அடைபட்டால் மோட்டார் சூடேறிப் பழுதடையும். இதைத் தவிர்க்கச் சிறு காற்றுவழி ஒன்று திறந்து விடப்படுகிறது.